மாதா மாதம் வாங்கும் விலை உயர்ந்த மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தாளுநராகக் கடைக் கவுன்டரின் பின்னால் நின்று ஓய்வு பெற்றவன் நான். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வருபவர் விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முடக்குவாதத்துக்கு ஊசி, ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை, சிறுநீரகம் மாற்றியவருக்கு ஆயுள் முழுவதும் வேண்டிய மருந்து என்று மாதந்தோறும் வருபவர்கள்தான் பேசுவார்கள், பெரும்பாலும் குரலைத் தாழ்த்தி. அவர்கள் கேட்டவையும், கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நான் நினைத்தவையும் இங்கே இருக்கின்றன. விலையும் விதிகளும் 2025 இறுதி நிலவரப்படி. எந்த மருந்து உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அதை எப்படிக் கட்டுபடியாகும் விலையில் வாங்குவது என்பது பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

ஒரு மாத மாத்திரைக்கு லட்ச ரூபாய் என்கிறார்கள். அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

மாத்திரையைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் சரக்குக்காக அந்த விலை இல்லை. விற்பவர் ஒரே ஒருவர் என்பதற்காக அந்த விலை.

இதற்குச் சென்னையிலேயே தொடங்கிய ஒரு வழக்கு சாட்சி. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயை, தினமும் மாத்திரை சாப்பிட்டு ஆண்டுக்கணக்கில் சமாளிக்கக்கூடிய நோயாக மாற்றியது இமாட்டினிப். நோவார்ட்டிஸ் நிறுவனம் அதைக் ‘கிளிவெக்’ என்ற பெயரில் விற்றது. மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை, அதாவது வேறு யாரும் அந்த மருந்தைத் தயாரிக்க முடியாதபடி செய்யும் தனி உரிமையை, சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. ஏற்கெனவே தெரிந்த பொருளின் வடிவத்தைச் சற்று மாற்றிவிட்டு, நோய் தீர்க்கும் திறன் கூடியிருப்பதைக் காட்டாமல் புதிய காப்புரிமை கேட்க முடியாது என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று வாதிட்ட நிறுவனம் 2007-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. காப்புரிமை வழக்கை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகவே முடித்து வைத்தது.

அதற்கு ஓராண்டுக்கு முன்பு இன்னொன்று நடந்தது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கான சொராஃபெனிப் மாத்திரைக்கு பேயர் நிறுவனம் மாதம் 2,80,428 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர், அதே மருந்தைத் தயாரிக்க ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை வைத்திருப்பவர் ஒப்பாவிட்டாலும் தயாரிக்க விடும் அனுமதி, வழங்கினார். நாட்கோவின் விலை 9,000 ரூபாய்க்குள். அந்த விலையிலும் பேயருக்கு உரிமைத்தொகை செலுத்தி, தானும் லாபம் பார்க்க முடியும் என்றுதான் நாட்கோ விண்ணப்பித்தது. இந்தியாவில் இதுவரை வழங்கப்பட்ட கட்டாய உரிமம் இது ஒன்றுதான்.

அண்மைய எடுத்துக்காட்டு ரிஸ்டிப்ளாம். முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோய் உள்ளவர்கள் குடிக்கும் மருந்து. ரோஷ் நிறுவனத்தின் குப்பி ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய். நாட்கோ அதே மருந்தை விற்கத் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்து, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்த பிறகு நாட்கோவின் குப்பி 15,900 ரூபாய்க்கு வந்தது.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். பாதி வழியில் தோற்றுப்போன மருந்துகளின் செலவையும் தேறிய மருந்துதான் சுமக்கிறது. ஆனால் செலவைக் கூட்டிப் பார்த்து விலை வைக்கப்படுவதாக நம்ப வேண்டாம். உயிருக்கு ஈடாக ஒரு குடும்பமோ அரசோ எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்துத்தான் விலை வைக்கப்படுகிறது.

ஊசி மருந்துகளும் அப்படித்தானா?

ஓரளவுக்கு. முடக்குவாதம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் போடும் அடாலிமுமாப், ரிட்டுக்ஸிமாப், டிராஸ்டுசுமாப் போன்ற ஊசிகள் வேதிப்பொருள்களைக் கலந்து செய்பவை அல்ல. உயிரணுக்களை வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்பவை. தொழிற்சாலையும் சோதனைகளும் உண்மையிலேயே செலவு பிடிப்பவை. பயணம் முழுவதும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். ஆகவே மாத்திரை அளவுக்கு விலை சரியாது.

ஆனாலும் சரியும். மூல மருந்துக்கு நிகரான ஊசியை வேறு நிறுவனம் தயாரித்தால் அதற்குப் பயோசிமிலர் என்று பெயர். ரிட்டுக்ஸிமாப்புக்கு 2007-லேயே இந்தியாவில் அது வந்துவிட்டது. முடக்குவாதத்துக்கும் தண்டுவட மூட்டழற்சிக்கும் போடும் அடாலிமுமாப்புக்கு 2014 டிசம்பரில் சைடஸ் நிறுவனம் உலகின் முதல் பயோசிமிலரை இங்கே விற்கத் தொடங்கியது. அமெரிக்க நோயாளிகள் அதற்காக 2023 வரை காத்திருந்தார்கள்.

பயோசிமிலர் என்றால் மட்டமானதா?

இல்லை. மூல மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே அனுமதி தருகிறார்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஊசியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். கடைக்காரர் தாமாக மாற்றித் தரக் கூடாது. போட்ட ஊசியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

காப்புரிமை முடிந்தால் விலை தானாக இறங்குமா?

நோயாளிகள் ஏராளமாக இருந்தால் இறங்கும், அதுவும் ஒரே வாரத்தில். சர்க்கரை நோய்க்கான எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை ஒன்று 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் களத்தில் குதித்தன. 10 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது. நாடு முழுவதும் சில ஆயிரம் பேருக்கு மட்டுமே தேவைப்படும் மருந்தில் இந்தப் போட்டி நடக்காது. காப்புரிமை முடிந்தும் ஒருவரே விற்றுக்கொண்டிருப்பார்.

நீங்கள் செய்யக்கூடியது: “இந்த மருந்துக்கு இப்போது எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றன?” என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின் விலை விழுந்து பல மாதங்கள் ஆன பிறகும் பழைய சீட்டின்படி பழைய விலைக்கே வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் லாபம் குறையும் என்பது கடைக்காரருக்குத் தெரியும்; நானும் அந்தப் பக்கத்தில் நின்றவன்தான்.

மருந்து விலையை அரசு கட்டுப்படுத்துகிறது என்றார்களே?

தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. 2022 பட்டியலில் 384 மருந்துகள். அவற்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைக்கும். பட்டியலில் இல்லாத மருந்துக்கு முதல் விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். அதன்பின் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். முதல் விலையே மலையாக இருந்தால் 10 சதவீதக் கட்டுப்பாட்டால் யாருக்கு என்ன பயன்? புதிதாகக் காப்புரிமை பெற்ற மருந்துகளுக்கு ஐந்தாண்டு விலக்கு வேறு.

2019 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்டியலில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆணையம் உத்தரவிட்டது. சில பிராண்டுகளின் விலை 87 சதவீதம் வரை குறைந்தது. மருந்து மாறவில்லை, தொழிற்சாலை மாறவில்லை. கம்பெனிக்கும் நோயாளிக்கும் நடுவில் எவ்வளவு பணம் தங்கியிருந்தது என்பது அன்று வெளியே தெரிந்தது.

உங்கள் மருந்துக்கு உச்சவரம்பு உண்டா என்று பார்க்க, ஆணையத்தின் ‘ஃபார்மா சஹி தாம்’ செயலி இருக்கிறது.

அட்டையில் ஒரு விலை அச்சிட்டிருக்கிறது. ஒரு கடைக்காரர் அதில் மூன்றில் ஒரு பங்குக்குத் தருகிறேன் என்கிறார். போலி மருந்தா?

போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற எல்லை. பல நிறுவனங்கள் போட்டியிடும் புற்றுநோய், சிறுநீரக, கல்லீரல் மருந்துகளில், கடைகள் தங்கள் மருந்தையே வாங்க வேண்டும் என்பதற்காகவே எல்லையை உயரத்தில் வைத்து, கடைக்கும் மருத்துவமனைக்கும் அடிமாட்டு விலையில் கொடுப்பார்கள். நடுவில் உள்ள தொகையில் உங்களுக்கு எவ்வளவு விட்டுத்தருவது என்பது விற்பவர் மனத்தைப் பொறுத்தது. ஆகவே, நாள்பட்ட நோய்க்கு மருந்து வாங்குபவர் எம்.ஆர்.பி.யைத் தம் செலவாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மூன்று இடங்களில் விலை கேளுங்கள். அதில் ஒன்றாவது மொத்த வியாபாரியிடம் நேரடியாக வாங்கும் கடையாக இருக்கட்டும்.

பேரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அளவுகோல்: நாடு முழுவதும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, 40 மருந்துகளுக்குச் சேர்ந்து பேரம் பேசியபோது 23 முதல் 99 சதவீதம் வரை குறைந்தது. ஆம், தொண்ணூற்றொன்பது.

போலியும் இல்லாமல் இல்லை. 2024 மார்ச்சில் டெல்லியில் பிடிபட்ட கும்பல், விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளை வாங்கி, வேறு மருந்தை நிரப்பி விற்றிருந்தது. பில் கொடுக்காத இடத்தில், வாட்ஸ்அப்பில் மட்டும் பேசுபவரிடம், பஸ் பார்சலில் ஐஸ் இல்லாமல் அனுப்புபவரிடம் வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும், அது குப்பியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஊசி போட்ட பிறகு குப்பியின் லேபிளைப் பேனாவால் அடித்துவிட்டுக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

ஐந்து லட்சத்துக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. மருந்துக்கு மட்டும் ஏன் பணம் தர மறுக்கிறார்கள்?

ஏனென்றால் நம் நாட்டில் காப்பீடு கட்டிலுக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால், அல்லது பட்டியலிட்ட பகல்நேரச் சிகிச்சை என்றால்தான் திறக்கும். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு 60 அல்லது 90 நாள் மருந்துச் செலவைத் தருவார்கள். தொண்ணூற்றோராம் நாள் நோய் ஓடிப்போய்விடும் என்று நினைக்கிறார்கள் போலும்.

இதன் விநோதம் முடக்குவாத நோயாளிக்கு நன்றாகத் தெரியும். ஒரே வகை மருந்தை மருத்துவமனையில் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டால் காப்பீடு கிடைக்க வழியுண்டு. வீட்டில் தொடையில் தானே குத்திக்கொண்டால் கிடைக்காது. எந்த முறையில் கொடுப்பது என்று மருத்துவர் யோசிக்கும்போது, உங்கள் பாலிசி எப்படிப்பட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் சில நவீனச் சிகிச்சைகளை ஒதுக்கித் தள்ளக் கூடாது என்று விதித்தது. அதில் இரண்டு நமக்கு முக்கியம்: வாய்வழிக் கீமோதெரபி, ஊசியாகச் செலுத்தும் மோனோகுளோனல் ஆன்டிபாடி (மேலே சொன்ன அடாலிமுமாப், ரிட்டுக்ஸிமாப் வகை). அதாவது புற்றுநோய் மாத்திரைக்கும் உரிமை கோரலாம். ஆனால் அதற்கு உள்வரம்பு வைக்க அனுமதி உண்டு. ஐந்து லட்சப் பாலிசியில் இதற்கென ஒரு சிறு பங்குதான் இருக்கக்கூடும். பாலிசி ஆவணத்தில் “நவீனச் சிகிச்சை முறைகள்” என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

நோய் வந்த பிறகு பாலிசி எடுக்கலாமா?

எடுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்று 2024-இல் குறைத்திருக்கிறார்கள். நோயை மறைத்து எடுக்காதீர்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் காத்திருப்பே இருக்காது. வேலை மாறும்போது சம்பளத்தோடு இதையும் விசாரியுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்குமா? அரசு மருத்துவமனையில்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தருகிறது. இதுவும் பெரும்பாலும் சிகிச்சைத் தொகுப்புகளாகத்தான் இருக்கிறது. மாத்திரைக்காக மட்டும் என்றால், காப்பீட்டு அட்டையைவிட அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிச் சீட்டு அதிகம் உதவும்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நடுத்தரக் குடும்பங்கள் பெரியாஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கின்றன. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்து டெண்டர் விட்டு வாங்குகிறது. கடை எம்.ஆர்.பி.யோடு அந்த விலைகளை ஒப்பிட்டால் எங்கள் தொழில்மீதே கோபம் வரும். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு வேண்டிய உறைவுக் காரணி ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். எச்.ஐ.வி. கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் நாட்டிலேயே முதலில் இலவசமாகத் தரப்பட்ட மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு, அமெரிக்காவில் முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று அறிமுகமான சொஃபோஸ்புவிர், 2018 முதல் தேசியத் திட்டத்தில் இலவசம்.

வரிசை நீளம், சில மாதம் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும். அதையும் மறைக்கவில்லை. தனியார் மருத்துவரிடம் ஆலோசனை பெற்றுக்கொண்டே, மருந்தை மட்டும் அரசு மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் பதிவு செய்து வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிரிவு மருத்துவர் ஒருமுறை பார்த்து எழுதித் தர வேண்டும்.

மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம்?

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, கொழுப்பு, வலிப்பு ஆகியவற்றுக்கு அவசியம் போங்கள். அங்கே மிச்சமாகும் பணம் சிறப்பு மருந்துக்கு ஆகும். விலை உயர்ந்த ஊசிகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

மருந்துக் கம்பெனியே இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்கிறது. சேரலாமா?

சேரலாம். மருத்துவரின் கையெழுத்தோடு பதிவு செய்ய வேண்டியிருக்கும். கிளிவெக்கையே நோவார்ட்டிஸ் இந்தியாவில் ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆனால் திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமை அவர்களிடம் இருக்கிறது. சேரும் முன் சலுகைக்குப் பிந்தைய விலையையும் பயோசிமிலர் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல தடவை, சலுகை இல்லாத பயோசிமிலரே மலிவாக இருக்கும்.

குழந்தைக்கு அரிய நோய். கோடிக்கணக்கில் கேட்கிறார்கள்.

தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கென அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அவற்றில் ஒன்று. பணம் மையத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. ஆண்டுதோறும் மருந்து வேண்டிய நோய்களில் 50 லட்சம் விரைவில் தீர்ந்துவிடும் என்பதுதான் பெற்றோரின் நியாயமான புகார்.

இணையத்தில் நன்கொடை திரட்டுவதாக இருந்தால், தளம் எடுக்கும் கமிஷனை முதலில் கேளுங்கள். சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதி பெற வேண்டும். அரிய நோய் மருந்துக்குச் சுங்க வரி விலக்கும் உண்டு. மருத்துவமனைச் சமூகப் பணியாளருக்கு இந்தப் படிவங்கள் பழக்கம்.

டாக்டரிடம் விலையைப் பற்றிப் பேசினால் தவறாக நினைக்க மாட்டாரா?

பேசாமல், மூன்றாம் மாதம் சொல்லாமல் நிறுத்துவதைத்தான் அவர்கள் தவறாக நினைப்பார்கள். மருந்து தொடங்கும் முன் “மாதம் எவ்வளவு ஆகும், எத்தனை மாதம், இதற்கு அடுத்த நல்ல மருந்து எது?” என்று கேளுங்கள். முடக்குவாதத்தில், ஊசிக்கு முன்னால் மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மலிவான பழைய மாத்திரைகளை முழு அளவில் பார்த்தாயிற்றா என்பது முறையான கேள்வி.

செலவை மனத்தில் வைத்து மருத்துவர்களே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராட்டெரோன் வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் எடுக்க வேண்டியது. உணவோடு 250 மில்லிகிராம் எடுத்தாலும் அதற்கு இணையாக வேலை செய்கிறது என்று 2018-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாப் ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம். ஊசியும் பெற்றவர்களில் 43 சதவீதம். விலையைப் பற்றி வாய் திறக்கும் நோயாளிக்குத்தான் இந்த வழிகள் திறக்கும்.

அப்படியானால் நானே அளவைக் குறைத்துக்கொள்ளலாமா? ஒரு நாள் விட்டு ஒரு நாள்?

கூடாது. மேலே சொன்னவை பரிசோதித்து அறிந்த அளவுகள். நீங்கள் செய்வது ஊகம். இமாட்டினிப்பை விட்டு விட்டு எடுத்தால் நோய் மருந்துக்கு அடங்காமல் போகலாம். சிறுநீரகம் மாற்றியவர் மாத்திரையைத் தவறவிட்டால் உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற முடக்குவாத ஊசிகளை இடைவெளி விட்டுத் தொடங்கினால் உடல் மருந்தையே எதிர்க்கும். நோய் நன்றாக அடங்கிய பிறகு அளவைக் குறைப்பது மருத்துவத்தில் உண்டு, ரத்தப் பரிசோதனைகளோடு. பணம் இல்லாத மாதத்தில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குள் உள்ள கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள்.

அப்படிச் சட்டம் இல்லை. மருந்து எங்கே வாங்குவது என்பது நோயாளியின் தேர்வு என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் இது தொடர்பாக நேரடி உத்தரவு போட மறுத்து, மாநிலங்கள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. 2018-இல் டெல்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனை பில்களை விலை நிர்ணய ஆணையம் அலசியபோது, சிலவற்றில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது. ஆகவே இந்தக் கட்டாயம் ஏன் என்பது புரியும்.

நரம்பில் ஏற்றும் மருந்துகளில் “வெளிக் குப்பிக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்பார்கள். குளிர்ச்சி கெட்டதா என்று அவர்களால் அறிய முடியாது என்பதில் நியாயம் உண்டு. வெளிக் கடையின் விலையைக் காட்டி, அதற்கு அருகில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

வரியில் ஏதாவது கிடைக்குமா?

2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. பழைய விலை அச்சிட்ட சரக்கானாலும் புதிய விலையில்தான் பில் போட வேண்டும். வருமான வரியில் 80டிடிபி என்று பழகிய கழிவு, புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபீலியா போன்றவற்றுக்கு 40,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்.

மருந்து மாற்றிவிட்டார்கள். வீட்டில் மிச்சம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா, வேறு நோயாளிக்குத் தரலாமா?

பிரிக்காத மாத்திரை அட்டையைப் பில்லோடு சில நாளுக்குள் கொண்டு வந்தால் பல கடைகள் எடுத்துக்கொள்ளும். வாங்கும்போதே கேட்டு வையுங்கள். குளிரில் வைக்க வேண்டிய ஊசியை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மின்சாரம் எத்தனை மணி நேரம் போயிருந்தது என்பது அடுத்தவருக்குத் தெரியாது. புதிய மருந்தைத் தொடங்கும்போது முதல் தடவை ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும்.